மார்கழியில் வீடு மாறலாமா?



திருவருகைக் காலம் தொடங்கியதும் பங்கு அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பலவற்றைக் கேட்கிறார்கள். குடில் போட்டிக்குப் பெயர் கொடுப்பது எப்போது, நள்ளிரவுத் திருப்பலி எத்தனை மணிக்கு, பாடகர் குழுவுக்குப் பயிற்சி எங்கே என்று உரக்கவே கேட்பார்கள். ஒரு கேள்வியை மட்டும் மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "சாமி, மார்கழியில வீடு மாறலாங்களா?"

கேட்கிறவர்கள் நேற்று திருமுழுக்குப் பெற்றவர்கள் அல்லர். மூன்று நான்கு தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். ஞாயிறு திருப்பலி தவறாதவர்கள், அன்பியக் கூட்டத்தைத் தம் வீட்டில் நடத்துகிறவர்கள். "நம்பிக்கைன்னு ஒண்ணும் இல்லீங்க சாமி, ஆனா எதுக்கு வம்பு?" என்பார்கள். இந்த 'எதுக்கு வம்பு' என்பதைப் பற்றித்தான் இவ்வாரம் சிந்திக்கிறோம். கூடவே, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு நம் கையால் செய்து கொடுக்கும் பரிசுகளைப் பற்றியும் சில செய்திகள். வீடு மாறுவதற்கும் பரிசுக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். மத்தேயு நற்செய்தியில் அத்தொடர்பு இருக்கிறது.

ஆகாத மாதங்கள்

ஆடியிலும் மார்கழியிலும் குடிபோவதில்லை என்பது தமிழ்நாடெங்கும் உள்ள வழக்கம். புரட்டாசி, பங்குனி மாதங்களையும் தவிர்க்கிறவர்கள் உண்டு. இந்து சகோதரர்கள் மார்கழியை இறைவழிபாட்டுக்கென ஒதுக்கிய மாதமாகக் கருதி, வீட்டுச் சுபகாரியங்களைத் தைக்குத் தள்ளி வைக்கிறார்கள். 'பீடுடைய மாதம்' என்று இருந்ததுதான் 'பீடை மாதம்' ஆகிவிட்டது என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. ஒரு மாதத்தைச் செபத்துக்காக ஒதுக்குவது நமக்கு அந்நியமானது அன்று. நாமும் தவக்காலத்தில் திருமண விழாக்களைத் தவிர்க்கிறோம் அல்லவா? ஆகவே அடுத்த வீட்டாரின் மார்கழியை நாம் கேலி செய்ய வேண்டியதில்லை.

இவ்வழக்கத்தில் உழவனின் கணக்கும் இருக்கிறது. ஆடி விதைப்பு மாதம். கையில் இருந்த பணமெல்லாம் மண்ணுக்குள் போயிருக்கும். மார்கழியில் கதிர் வயலில் நிற்கும், குதிர் காலியாக இருக்கும். அறுவடை முடிந்து நெல் வீடு வந்து சேரும்போது தை பிறந்துவிடும். அப்போது வண்டி பிடிக்கவும், சுண்ணாம்பு அடிக்கவும், நாலு பேருக்குச் சாப்பாடு போடவும் கையில் ஏதாவது இருக்கும். அந்தக் காலத்துக்கு அது நல்ல ஏற்பாடு. மாதச் சம்பளமும் மாத வாடகையும் வந்துவிட்ட பிறகு கணக்கு மறைந்துவிட்டது, பயம் மட்டும் தங்கிவிட்டது.

திருச்சபை இப்பயத்தைப் பற்றித் தெளிவாகவே பேசியிருக்கிறது. நாள், மாதம், காலம், ஆண்டு என்று பார்த்துக் கொண்டிருந்த கலாத்திய மக்களைக் கண்டு தம் உழைப்பு வீணாகிவிட்டதோ என்று பவுல் அஞ்சினார் (கலா 4:10-11). குறி பார்ப்பதையும் சகுனம் பார்ப்பதையும் இணைச்சட்ட நூல் விலக்குகிறது (இச 18:10-12). 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, 2116-ஆம் எண்ணில், சோதிடம், கைரேகை, சகுனம் ஆகியவற்றை நாடுவது கடவுளுக்கு மட்டுமே உரிய மதிப்புக்கு எதிரானது என்கிறது. ஜாதகமே எழுதாத குடும்பங்களில்கூட நாள்காட்டியைக் கிழிக்கும்போது இராகுகாலத்தைக் கண் தேடுகிறது. ஞாயிற்றுக்கிழமை இராகுகாலம் மாலை 4.30 முதல் 6 மணி வரை. நம்மில் பலர் மாலைத் திருப்பலிக்குப் புறப்படும் நேரம் அது!

இன்னொன்றையும் கவனியுங்கள். மார்கழி டிசம்பர் 16-ஐ ஒட்டிப் பிறந்து ஜனவரி 13-ஐ ஒட்டி முடிகிறது. கிறிஸ்து பிறப்புக்கு முந்திய நவநாள் தொடங்குவதும் டிசம்பர் 16-இல்தான். பிறப்பு விழா, திருக்குடும்ப விழா, இறைவனின் அன்னை விழா, திருக்காட்சி விழா, ஆண்டவரின் திருமுழுக்கு விழா எல்லாம் மார்கழிக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. மனுவுருவான வார்த்தை நம்மிடையே குடிகொண்டதை நாம் கொண்டாடும் மாதத்தில், குடிபோக அஞ்சுகிறோம்.

திருக்குடும்பம் வீடு மாறியபோது

யோசேப்பும் மரியாவும் எத்தனை முறை இடம் மாறினார்கள் என்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா? நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கு அவர்கள் போன நாளை அவர்கள் குறிக்கவில்லை. அகுஸ்து சீசரின் கட்டளை குறித்தது. நிறைமாதக் கர்ப்பிணியோடு பயணம். போன இடத்தில் தங்கும் விடுதியில் இடமில்லை; பிள்ளையைத் தீவனத் தொட்டியில் கிடத்தினார்கள் (லூக் 2:1-7). ஆனால் கீழ்த்திசை ஞானியர் வந்தபோது குழந்தை தொழுவத்தில் இல்லை. அவர்கள் ஒரு வீட்டுக்குள் போய்த்தான் குழந்தையைத் தாய் மரியாவுடன் கண்டார்கள் என்று மத்தேயு எழுதுகிறார் (மத் 2:11). இரண்டு நற்செய்தியாளர்களின் விவரங்களையும் சேர்த்துப் படித்தால், தொழுவத்துக்கும் ஞானியரின் வருகைக்கும் இடையில் யோசேப்பு எங்கோ ஒரு வீடு பார்த்திருக்கிறார். யாரோ ஒருவர் அவருக்கு வீடு கொடுத்திருக்கிறார்.

பொன்னும் சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் வந்து சேர்ந்தது அந்த வீட்டுக்குத்தான். கிறிஸ்து பிறப்புக் காலத்தில் பரிசு கொடுக்கும் பழக்கத்தை நாம் ஞானியரோடு இணைத்துப் பேசுகிறோமே, அந்த முதல் பரிசு ஊருக்குப் புதிதாய்க் குடிவந்த ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது.

அடுத்த பயணமும் நல்ல நேரம் பார்த்து நடக்கவில்லை. இரவோடு இரவாக எகிப்துக்குப் புறப்பட்டார்கள் (மத் 2:14). திரும்பி வந்தபோது யூதேயாவில் அர்க்கெலா ஆட்சி செய்வதைக் கேள்விப்பட்டு, அங்கே போக அஞ்சி, கனவில் எச்சரிக்கப்பட்டு, கலிலேயாவுக்குப் போனார்கள் (மத் 2:22-23). யோசேப்பு கண்ணை மூடிக்கொண்டு போகிறவர் அல்லர். விசாரிக்கிறார், யோசிக்கிறார், செபத்தில் கேட்கிறார். அவருடைய கணக்கில் முதலில் வந்தது பிள்ளையின் பாதுகாப்பு.

நாள் பார்க்க முடியாதவர்கள்

நம் கள்ளக்குறிச்சிப் பகுதிக்கு இது ஏட்டுச் சிந்தனை அன்று. 26.11.2019 முதல் தனி மாவட்டமாக இருக்கும் இப்பகுதியில் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. அரவைப் பருவம் பெரும்பாலும் டிசம்பரை ஒட்டித் தொடங்கும். கரும்பு வெட்டுகிற குடும்பங்கள் சட்டி பானையோடு ஊர்விட்டு ஊர் போவது அப்போதுதான். கல்வராயன் மலையிலிருந்து பலர் குடகுப் பக்கம் காபிப் பழம் பறிக்கவும், கேரளத்துக்கு மிளகு பறிக்கவும் போகிறார்கள். அந்த வேலைகளும் மார்கழியைத் தாண்டி நிற்பதில்லை. பழம் பழுத்தால் பறித்தாக வேண்டும்.

கல்வராயன் மலைவாழ் மக்களான மலையாளிப் பழங்குடியினர், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று சொல்வார்கள். மலை ஜாகீர்தார்களின் பிடியில் நெடுங்காலம் இருந்துவிட்டு, 1976-இல்தான் முழுமையாக அரசின் நிர்வாகத்துக்குள் வந்தது. அம்மக்கள் இன்று பிள்ளைகளின் படிப்புக்காகவும் பிழைப்புக்காகவும் வெள்ளிமலைச் சாலை வழியாகக் கீழே இறங்கி வந்து, நம் தெருக்களில் வாடகைக்கு வீடு கேட்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு தாய் டிசம்பர் நடுவில் இரண்டு பிள்ளைகளோடு இறங்கி வந்தார். கணவர் காபித் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். மூத்த மகள் எட்டாம் வகுப்பு. அரையாண்டு விடுமுறை முடிந்ததும் கீழே உள்ள பள்ளியில் சேர்க்க வேண்டும். ஒரு வீட்டின் பின்கட்டு காலியாக இருந்தது. வாடகையும் ஒத்துவந்தது. வீட்டுக்காரர் நம்மவர், கோயில் காரியங்களில் முன்னால் நிற்பவர். முன்பணம் வாங்கிக்கொண்டார், சாவி கொடுக்கவில்லை. "தை பிறக்கட்டும்மா, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார். அந்தத் தாய் கிறிஸ்தவர் அல்லர். "எங்களுக்கு ஆகாத மாசம்னு ஒண்ணும் இல்லீங்கய்யா, பிள்ளைக்குத்தான் பள்ளிக்கூடம் தெறந்துடும்" என்று சொல்லிப் பார்த்தார். பயனில்லை. நான்கு வாரம் உறவுக்காரர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில், தார்ப்பாய் கட்டிக்கொண்டு, மார்கழிப் பனியில் மூவரும் படுத்தார்கள். அதே தெருவில் அந்த ஆண்டு நாம் மிக அழகான குடில் ஒன்றை வைத்திருந்தோம். இதை அறிந்தபோது விழா முடிந்திருந்தது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. நமக்கும் அந்தத் திண்ணை தெரியவில்லை.

நாளை எப்படிக் குறிப்பது?

வீடு மாறினால் வீட்டிலுள்ளவர்களில் அதிகம் பாதிக்கப்படப் போகிறவர் யார் என்று முதலில் பாருங்கள். அவருடைய வசதிதான் நமக்குப் பஞ்சாங்கம். பள்ளிப் பிள்ளை இருந்தால் ஏப்ரல் இறுதிக்கும் ஜூன் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட காலம் நல்லது. பேறுகாலம் நெருங்கியவர் இருந்தால் முன்பே மாறிவிடுவதோ, பிள்ளை பிறந்து உடல் தேறும்வரை பொறுப்பதோ நல்லது. மாறுவது உறுதியானால் புதிய பகுதியின் கிராம சுகாதாரச் செவிலியரிடம் உடனே பதிவு செய்துகொள்ள வேண்டும். வயதானவர்கள் இருந்தால் அவர்களுக்குப் பழகிய மருத்துவரும், பழகிய கோயிலும், பேச்சுத்துணையும் எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று பாருங்கள். வீட்டைக் காட்டாமல் முடிவு செய்துவிட்டு, மூட்டை கட்டும் நாளில் அவர்களிடம் சொல்வது பெரிய கொடுமை.

ஆண்டின் நடுவில் மாறியே ஆக வேண்டும் என்றால் பிள்ளையின் படிப்பு நின்றுவிடுமோ என்று அஞ்ச வேண்டாம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளையைக் கல்வியாண்டின் எந்தக் கட்டத்திலும் பள்ளியில் சேர்க்கலாம். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. வாடகைக்குப் போகிறவர்கள் உடன்பாட்டை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அதைக் கேட்கிறது. உடன்பாட்டில் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்றும் அச்சட்டம் சொல்கிறது.

பங்கு மாறுகிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடும் ஒன்று உண்டு. பழைய பங்குத்தந்தையிடம் சொல்லிக்கொண்டு போங்கள். புதிய பங்கில் குடும்பத்தைப் பதிவு செய்யுங்கள். நிலையாகத் தங்கும் எண்ணத்தோடு குடிவந்தால் அன்றே அந்தப் பங்கு உங்கள் பங்கு. மூன்று மாதம் தங்கும் எண்ணத்தோடு வந்தாலும், எண்ணமின்றியே மூன்று மாதம் தங்கிவிட்டாலும், திருச்சபைச் சட்டம் அதைத் தற்காலிக உறைவிடமாக ஏற்கிறது (திச 102). திருமணம் நடத்த ஒரு மாதத் தங்கல் போதும் (திச 1115). கரும்பு வெட்ட வந்த குடும்பமும் அந்தப் பருவத்தில் நம் பங்குக் குடும்பமே. "அவங்க வெளியூர்க்காரங்க" என்று பங்குப்பேரவையில் யாராவது சொன்னால், இச்சட்ட எண்ணை அவருக்கு நினைவூட்டலாம்.

இனி மந்திரிப்பு. பால் காய்ச்சுவதிலும், உப்பும் மஞ்சளும் தண்ணீரும் முதலில் கொண்டுபோவதிலும் தவறில்லை. குடும்பம் ஒன்றுகூடிச் செபித்துவிட்டு அடுப்பை மூட்டுவது நல்ல மரபு. 1984-இல் வெளியான ஆசியுரைகள் நூலில் புதிய வீட்டை மந்திரிக்கும் சடங்கு இருக்கிறது. அதில் ஒரு விதி நம்மில் பலருக்குத் தெரியாது: அவ்வீட்டில் குடியிருக்கப் போகிறவர்கள் இல்லாமல் மந்திரிப்பு நடத்தக் கூடாது. 'வேலை இருக்கு சாமி, சாவியைக் கொடுத்துட்டுப் போறேன், தீர்த்தம் தெளிச்சிடுங்க' என்பது செல்லாது. ஆசி சுவருக்கு அன்று, வாழப்போகிற மனிதருக்கு. விழாக் காலத்தில் குருவானவருக்கு நேரமில்லை என்றால், பொதுநிலையினருக்கென அதே சடங்கில் தரப்பட்டுள்ள செபங்களைச் சொல்லிக் குடும்பத்தாரே குடிபுகலாம். குருவானவர் பிறகு வரட்டும்.

கையால் செய்த பரிசு

புதுத் தெருவில் முதல் சில நாள்கள் கடினமானவை. கதவு திறக்கும் ஓசை கேட்டால் எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள், யாரும் பேசமாட்டார்கள். அந்நாள்களில் கையில் ஒரு சிறு பொருளோடு போய் நிற்பதற்குக் கிறிஸ்து பிறப்பு விழா நல்ல வாய்ப்பு. கடையில் வாங்கிய கேக் பெட்டியும் பரிசுதான். ஆனால் அதன் விலை எல்லாருக்கும் தெரியும். திருப்பிக் கொடுக்க முடியாதவர்கள் வாங்கிக்கொள்ளக் கூசுவார்கள். வீட்டில் செய்த பொருளுக்கு அந்தக் கூச்சம் குறைவு.

1223-இல் கிரேச்சியோ ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் அமைத்த குடிலில் இருந்தவை தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. எல்லாம் அவ்வூரில் கிடைத்தவை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் குடில் பற்றிய தம் மடலில் 2019 டிசம்பர் 1 அன்று அதே ஊரில்தான் கையெழுத்திட்டார். வீடுகளிலும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் குடில் அமைக்கும் வழக்கம் மறைந்துவிடக் கூடாது என்பது அம்மடலில் அவருடைய விருப்பம்.

நவநாள் தொடங்கும் டிசம்பர் 16 அன்று ஒரு தேங்காய்த் தொட்டியில் மண் நிரப்பி கேழ்வரகு தூவி, நிழலில் வைத்து நீர் தெளித்து வாருங்கள். 24-ஆம் தேதிக்குள் விரல் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று நிற்கும். நம் குடிலுக்கு வைப்பது போலவே, அடுத்த வீட்டுக் குடிலுக்கும் இரண்டு தொட்டி கொடுக்கலாம். மூங்கில் சிம்பில் நட்சத்திரம் கட்டி வண்ணத்தாள் ஒட்டுவது பிள்ளைகளுக்குத் தெரிந்த வேலை. மைதாப் பசையில் சிறிது மயில்துத்தம் கலந்தால் பூச்சி அரிக்காது. அது நஞ்சு, ஆகவே கலப்பது பெரியவர்கள் கையால் இருக்கட்டும். முறுக்கு, அதிரசம், சோமாசு பற்றிச் சொல்லித் தர நாம் யார்! நீரிழிவு உள்ள வீடா என்று மட்டும் விசாரித்துக்கொண்டு கொடுங்கள்.

நம் மாவட்டத்துக்கே உரிய கைவேலை ஒன்றும் இருக்கிறது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர்ப் பகுதிகளில் உளியும் கொட்டாப்புளியுமாக உட்கார்ந்திருக்கும் அக்கலைஞர்களிடம் ஏதாவது வாங்கிப் பரிசளிக்க நினைத்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள். கையால் செய்ததுதானே என்று விலை குறைப்பது நம்மிடம் உள்ள கெட்ட பழக்கம். கை வேலைக்கும் கூலி உண்டு, யோசேப்பும் தச்சர்தான்.

கொடுக்கும் விதத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது நம் ஊர் மரியாதை. நல்ல மரபுதான். ஆனால் கையில் ஒன்றுமில்லாத வீட்டுக்குப் பாத்திரத்தில் கொடுத்தால், எதைப் போட்டுத் திருப்புவது என்ற கவலையையும் சேர்த்துக் கொடுக்கிறோம். அவர்களுக்கு வாழையிலையிலோ, தைத்த துணிப்பையிலோ கொடுங்கள். திருப்ப வேண்டிய பாத்திரம் இராது.

இந்த நுட்பத்தை நமக்குக் கற்பித்தவர் மேலே சொன்ன அந்த மலைத்தாய்தான். அவர் அதை எதிர்ப்பக்கமாகப் பயன்படுத்தினார். தை முதல் நாள் சாவி கிடைத்து உள்ளே போனவர், மலையிலிருந்து கொண்டு வந்திருந்த சாமையை உரலில் இட்டுக் குத்தினார். சாமையைக் குத்துவது எளிதன்று. குத்திப் புடைத்து, மீண்டும் குத்திப் புடைத்து, உமி போக அரைநாள் ஆகும். இரண்டு நாள் அந்த உலக்கைச் சத்தம் தெருவுக்குக் கேட்டது. பிறகு மகளை அனுப்பி வீட்டுக்கு ஒரு படி கொடுத்தார். எல்லாருக்கும் காகிதப் பொட்டலம். வீட்டுக்காரர் வீட்டுக்கு மட்டும் மூடி போட்ட எவர்சில்வர் சம்படத்தில் கொடுத்தார்.

அதை எப்படிச் சமைப்பது என்று அந்த வீட்டு அம்மாவுக்குத் தெரியவில்லை. கேட்கப் பின்கட்டுக்குப் போனார். முதல் முறையாக உள்ளே உட்கார்ந்தார். ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர், ஊறவைத்துவிட்டு உலை வைக்க வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். திண்ணையில் படுத்திருந்த நாள்களைப் பற்றியும் அப்போதுதான் கேட்டறிந்தார். மறுவாரம் அந்தச் சம்படத்தில் அரிசி முறுக்கு போய்ச் சேர்ந்தது. சில நாளில் கொள்ளு வந்தது. அடுத்த மார்கழியில் முன்கட்டு காலியானபோது, குடிவர வந்தவர்கள் தை பிறந்து வருவதாகச் சொன்னார்கள். "எங்களுக்கு அதெல்லாம் இல்லீங்க, நாளைக்கே வந்தாலும் வாங்க" என்றார் வீட்டுக்காரர். சம்படம் அப்போது அவர் வீட்டில் இருந்தது, பாதி அதிரசத்தோடு.